ஆத்தா கொடுத்த வண்டி

உங்களுக்கு அவசரமுங்களா அம்மணி? அவசரம் என்றாலும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது, கோவித்துக்கொள்ளாதீங்க. எங்கள் வண்டிக்கு இன்னும் கொஞ்ச நேரம் சார்ஜ் ஏறணும். இந்த ஓட்டலில் இருப்பதே ஒரு வயர்தான். பக்கத்து மெஷின் ரிப்பேராம், சாக்குப் போட்டுக் கட்டி வைத்திருக்கிறார்கள். இப்படி வந்து உட்காருங்க. இங்கே நிழல் இருக்கிறது, ரோடும் தெரியும்.

அதோ அந்த வெள்ளை வண்டிதான். என் மகளுடையது. பதிவே அவள் பேரில்தான் இருக்கிறது. கல்யாணத்துக்கு நாங்கள் கொடுத்த சீர். மண்டபத்து வாசலில் ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தோம். சாப்பிட்டுக் கை கழுவின ஈரத்தோடு ஜனங்கள் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்கள். பொண்ணு மாப்பிள்ளையைப் பார்த்த கூட்டத்தைவிட வண்டியைப் பார்த்த கூட்டம் அதிகம்.

இந்து எதிர்ப்பக்கம் மெடிக்கலுக்குப் போயிருக்கிறாள். இந்துஜா, என் மகள். தலைவலியாம். அந்தப் பாலத்தடியில் புகுந்து அந்தப் பக்கம் ஏறணும், அதுதான் நேரமாகிறது. வண்டிச் சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுத்தான் போனாள். இதுதான் சாவியாம், பாருங்க, சீட்டுக்கட்டில் ஒரு சீட்டு மாதிரி. "உன்கிட்டயே இருக்கட்டும்மா" என்றாள். இப்போது வந்துவிடுவாள்.

எங்களுக்குத் திருச்செங்கோட்டுப் பக்கம். போர் போடுகிற ரிக் வண்டி வைத்திருக்கிறோம். எங்க வீட்டுக்காரருக்கு டீசல் வாசம்தான் பவுடர் வாசம். இந்துவைக் கோயமுத்தூரில் கொடுத்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் மில். இப்போது அங்கேதான் கொண்டுபோய் விட்டுவிட்டு வரப்போகிறேன். பிறந்த வீட்டில் இருந்தது போதும் இல்லைங்களா? மூன்று வாரம் ஆகிவிட்டது. ஊரில் ஒருத்தி வந்து, "பொண்ணுக்கு என்ன, நல்ல சேதிங்களா?" என்று கேட்கிறாள். இன்னொருத்தி கேட்காமலே போகிறாள். கேட்காமல் போகிறவளைத்தான் தாங்க முடியவில்லை.

எல்லாத்துக்கும் காரணம் இந்த வண்டிதான் என்கிறாள் இந்து. வண்டி என்ன செய்யும் அம்மணி? வண்டி ஓடும், நிற்கும்.

முதலிலிருந்து சொல்கிறேன், நீங்களே சொல்லுங்க.

கல்யாணம் பேசி முடித்ததும் என்ன வண்டி என்று பேச்சு வந்தது. மாப்பிள்ளை வீட்டில் வாய்விட்டு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கிற குடும்பமும் இல்லை. "உங்க பொண்ணுக்கு நீங்க பிரியப்பட்டுச் செய்யறது" என்றார் அவங்கம்மா. கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே, "எங்க கோகுலுக்கு எலெக்ட்ரிக்னா உசிரு" என்றும் சொன்னார். அதுவும் சும்மா பேச்சுவாக்கில் சொன்னதுதான்.

கோயமுத்தூரில் பெரிய ஷோரூமுக்குப் போனோம். உள்ளே ஒரே குளிர். வரிசையாக மூன்று வண்டி. ஒன்று பெட்ரோல், ஒன்று ஹைபிரிட்டு, ஒன்று எலெக்ட்ரிக். மூன்றும் அரண்மனை மாதிரி. டை கட்டின பையன் ஒருத்தன் எங்களுக்கு ஜூஸ் கொடுத்துவிட்டு, ஹைபிரிட்டுதான் இருப்பதிலேயே புத்திசாலித்தனம், அதில் பேட்டரியும் உண்டு பெட்ரோலும் உண்டு, ஒன்று தீர்ந்தால் ஒன்று கைகொடுக்கும் என்று படித்துப் படித்துச் சொன்னான். எங்க வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "ஹைபிரிட்டுன்னு தக்காளிலதான் தம்பி கேட்டிருக்கேன். பாக்க நல்லாத்தான் இருக்கும், ருசி இருக்காது" என்றார். அந்தப் பையனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

எனக்கு வேறு காரணத்தால் அது பிடிக்கவில்லை. கல்யாணம் ஆகிற பொண்ணுக்கு ரெண்டிலேயும் ஒரு கால் வைக்கிற வண்டி எதற்கு? பிறந்த வீட்டில் ஒரு கால், புகுந்த வீட்டில் ஒரு கால் என்று ஆகிவிடும். வேண்டாம் என்று மனதுக்குள் தள்ளிவிட்டேன்.

அவருக்குப் பெட்ரோல்தான். "பெட்ரோல் தீந்தா ஒரு கேனைத் தூக்கிட்டு ரோட்டோரம் நின்னாப் போதும் புள்ள. எவனோ ஒருத்தன் நின்னு ஊத்திட்டுப் போவான். கரண்ட்டை யாருகிட்டப் போய்க் கேப்பே?" என்றார். ரிக் வண்டியோடு காட்டிலும் மேட்டிலும் கிடந்த மனுசன், அவருக்கு அதுதான் தோன்றும்.

இந்துவும் பெட்ரோல் என்றாள். அதுதான் ஆச்சரியம். பெங்களூரில் நாலு வருசம் வேலை பார்த்த பிள்ளை, புதுசு புதுசாகக் கேட்பாள் என்று பார்த்தால், "எனக்கு பெட்ரோல் போதும்மா. நானே போட்டு நானே ஓட்டிக்குவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் எப்போதும் அவ்வளவுதான் சொல்வாள்.

ஆளுக்கொன்று சொன்னால் நான் என்ன செய்வேன்? எங்களில் ஒரு பழக்கம் உண்டு. முடிவு எடுக்கத் தெரியாத காரியம் என்றால் குலசாமி கோயிலில் பூப்போட்டுக் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று. தனித்தனியாக இலையில் மடித்து ஆத்தா காலடியில் போட்டு, ஒன்றை எடுக்கணும். வெள்ளை வந்தால் செய், சிவப்பு வந்தால் வேண்டாம். பொண்ணு எடுக்கிறது, கிணறு வெட்டுகிறது எல்லாம் அப்படித்தான். ரிக்கே எங்களிடம் இருக்கிறது, ஆனாலும் எங்கள் தோட்டத்தில் போர் போடுவதற்குப் பூக் கேட்டுத்தான் போட்டோம்.

இங்கே வண்டி மூன்று. அதனால் நான் மூன்று பூக் கொண்டுபோனேன். பெட்ரோலுக்குச் செவ்வரளி. ஹைபிரிட்டுக்கு மஞ்சள் அரளி. எலெக்ட்ரிக்குக்கு வெள்ளரளி, அதில் புகை இல்லை பாருங்க. பூசாரி சண்டைக்கு வந்துவிட்டார். "ஆத்தாகிட்ட ஆமாவா இல்லையான்னுதான் கேக்கலாம். கடையில சேலை எடுக்கற மாதிரி மூணைப் போட்டுக் கேக்கப்படாது" என்றார். காலம் மாறிவிட்டது சாமி, ஆத்தாவுக்குத் தெரியாதா என்று சமாதானம் செய்து போட வைத்தேன்.

இந்துவை எடுக்கச் சொன்னேன். கண்ணை மூடி எடுத்தாள். பிரித்தால் செவ்வரளி.

அவள் சிரித்தாள் பாருங்க, கல்யாணம் பேசினதிலிருந்து அன்றைக்குத்தான் அப்படிச் சிரித்தாள். அவங்கப்பாவும் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. பூசாரி சொன்னது சரிதானே? மூன்று போட்டது தப்பு. தப்பாகக் கேட்டால் தப்பாகத்தான் வரும். அதனால் முறைப்படி ரெண்டே ரெண்டு போட்டு மறுபடி கேட்டேன். எந்த ரெண்டு என்கிறீங்களா? வெள்ளையும் மஞ்சளும். சிவப்பு ஏற்கெனவே ஒரு தடவை வந்துவிட்ட பூ, அதைத் திரும்பப் போடக்கூடாது இல்லைங்களா. இந்து எடுக்க மாட்டேன் என்று பிரகாரம் சுற்றப் போய்விட்டாள். நானே எடுத்தேன். வெள்ளரளி. ஆத்தாவே எலெக்ட்ரிக் என்று சொன்ன பிறகு யார் என்ன பேச முடியும்? அதனால்தான் இதை ஆத்தா கொடுத்த வண்டி என்று நான் எல்லோரிடமும் சொல்வது.

இன்னும் வரவில்லை பாருங்க. மெடிக்கலில் கூட்டம் போல.

மாப்பிள்ளை தங்கமானவர் அம்மணி. குரல் உயர்த்தி ஒரு வார்த்தை பேசினது கிடையாது. வண்டி வந்த அன்றைக்கே அதை அவர் ஃபோனோடு சேர்த்துவிட்டார். வண்டி எங்கே நிற்கிறது, எங்கே போகிறது, கதவு திறந்ததா, பேட்டரியில் எவ்வளவு இருக்கிறது, எல்லாம் மில்லில் உட்கார்ந்த இடத்திலேயே பார்ப்பார். எனக்குக்கூடக் காட்டினார். நீலமாக ஒரு புள்ளி நகர்ந்தது. "இது யாரு சொல்லுங்க அத்தை, உங்க பொண்ணு" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. எங்க வீட்டுக்காரர் ரிக்கோடு மத்தியப் பிரதேசம் போனால் மாசக்கணக்கில் ஒரு சேதி இருக்காது. நான் இருக்கிறேனா செத்தேனா என்று அவருக்கும் தெரியாது. இவருக்குப் பாருங்க, பெண்டாட்டி எந்தத் தெருவில் திரும்புகிறாள் என்பது வரைக்கும் அக்கறை.

இதைச் சொன்னால் இந்து மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாள்.

ஒரு நாள் ராம் நகரில் ஒரு ஆபீசுக்கு வேலை கேட்டுப் போயிருக்கிறாள். வீட்டில் சொல்லவில்லை. சாயங்காலம் மாப்பிள்ளை வந்து காப்பி குடித்துக்கொண்டே, "இன்னைக்கு எங்கயாச்சும் போனியா இந்து?" என்று கேட்டிருக்கிறார். இவள் இல்லை என்றிருக்கிறாள். அவர் சரி என்று விட்டுவிட்டார். திட்டவில்லை, அடிக்கவில்லை. மறுநாளும் அதையே கேட்டிருக்கிறார். அதற்கு மறுநாளும். நாலாம் நாள் இவளே அழுது சொல்லிவிட்டாள். "எனக்குத் தெரியுமே, நீயாச் சொல்லுவேன்னு இருந்தேன்" என்றாராம். எவ்வளவு பொறுமை பாருங்க. நானாக இருந்தால் முதல் நாளே கத்தியிருப்பேன்.

அப்புறம் பேட்டரி விசயம். நிறைய ஏற்றினால் பேட்டரி சீக்கிரம் கெட்டுப்போகுமாம். நூற்றுக்கு முப்பதுக்கு மேலே ஏறாதபடி மாப்பிள்ளை ஃபோனிலேயே வைத்துவிட்டார். "உள்ளூர்ல சுத்தறதுக்கு அது போதும் அத்தை" என்றார். சரிதானே? கோயமுத்தூருக்குள்ளே எவ்வளவு தூரம் போகப்போகிறாள்? கடைக்கு, கோயிலுக்கு, திரும்ப வீட்டுக்கு.

அந்த முப்பதை வைத்துக்கொண்டுதான் மூன்று வாரத்துக்கு முன்னால் தனியாகத் திருச்செங்கோடு கிளம்பியிருக்கிறாள் பைத்தியக்காரி. சங்ககிரி மலையடியில் வண்டி நின்றுவிட்டது. அவங்கப்பா லாரி அனுப்பிக் கயிறு கட்டி இழுத்து வந்தார். இத்தனை பெரிய வண்டியை லாரிக்குப் பின்னால் மாடு மாதிரி இழுத்துவந்ததை ஊரே பார்த்தது. எனக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ளலாம் போல இருந்தது. வழியில் எத்தனை இடத்தில் வயர் இருக்கிறது, ஏன் ஏற்றவில்லை என்று கேட்டேன்.

"வண்டி ஓடறது அவரு ஃபோனை எடுத்துப் பாத்தாத்தாம்மா தெரியும். வயரை மாட்டினாலும் எடுத்தாலும் அவருக்கு மணி அடிக்கும்" என்றாள்.

அடித்தால் அடித்துவிட்டுப் போகிறது. புருசனுக்குத் தெரியாமல் வருகிற அளவுக்கு என்ன வந்தது?

வந்த மறுநாளே அவங்கப்பா ஷெட்டில் வயர் இழுத்து வண்டியை மறுபடி முப்பதுக்கு ஏற்றி வைத்தார். மத்தியானத்தில் ரிக் ஷெட்டுக்குப் போய் அந்த வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அழத்தான் போகிறாள் என்று தெரியும், சரி அழட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு நாள் உள்ளேயிருந்து பதறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். என்ன கண்ணு, பாம்பா என்று கேட்டால், "ஏசி தானா ஓடுதும்மா" என்றாள். விசயம் என்னவென்றால், வெயிலில் உட்கார்ந்திருக்கிறாளே, வேர்க்குமே என்று மாப்பிள்ளை கோயமுத்தூரில் இருந்தபடியே போட்டுவிட்டிருக்கிறார். சண்டை போட்டுக்கொண்டு வந்தவளுக்கும் வேர்க்கக்கூடாது என்று நினைக்கிற மனசு யாருக்கு வரும்? இவள் அன்றைக்கெல்லாம் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். ரத்தம் குறைவோ என்று பேரீச்சம்பழம் வாங்கிக் கொடுத்தேன்.

போன வாரம் மாப்பிள்ளையும் அவங்க மாமாவும் வந்து மரியாதையாகப் பேசினார்கள். இந்து கடைசியில் ஒரே ஒரு நிபந்தனை சொன்னாள். அவர்கள் முன்னால் இல்லை, சமையலறையில் என்னிடம். "அப்பாவோட பழைய பெட்ரோல் காரைக் குடும்மா. இதை இங்கயே வெச்சுக்க. அதை ஓட்டிட்டுப் போறேன், மறுபேச்சு பேசாம அங்கயே இருக்கேன்" என்றாள். பாருங்க பேச்சை. அந்தக் காரில் கோழிக்கூடு ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள். சீர் கொடுத்த வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டு ஓட்டை வண்டியில் பொண்ணை அனுப்பினால் சம்பந்தி என்ன நினைப்பார்? முடியாது என்று சொல்லிவிட்டேன். அவங்கப்பா அந்தப் பக்கமாகத் தண்ணீர் குடிக்க வந்தவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். குடிக்காமலே போய்விட்டார். இன்றைக்குக் கிளம்பும்போதும் வரவில்லை, லோடு இருக்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமை என்ன லோடு?

அங்கே என்ன அம்மணி பார்க்கிறீங்க? பஸ்ஸா? அது பெங்களூர் போகிற வண்டி. அந்தப் பக்கம் நின்று போவதெல்லாம் சேலம் வழியாகப் போகிறது. எங்களுக்கு இந்தப் பக்கம்.

எங்கே விட்டேன்? ஆமாம், காலையில் கிளம்பினோம். மாப்பிள்ளை ஃபோனில் வழி சொல்லிக்கொண்டே வந்தார். முப்பதில் கோயமுத்தூர் வரைக்கும் வராது, பெருந்துறை தாண்டி ஒரு ஓட்டலில் வயர் இருக்கிறது, அங்கே மாட்டுங்கள், நான் அறுபதுக்கு ஏற்றிவிடுகிறேன் என்றார். மாட்டினதும் அவருக்கு மணி அடித்திருக்கிறது, உடனே கூப்பிட்டார். "கரெக்டா வந்துட்டீங்க அத்தை" என்றார். இந்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். வண்டி நின்ற பிறகும் பிடித்துக்கொண்டே இருந்தாள். வழியெல்லாம் ஒரே ஒரு தடவைதான் வாய் திறந்தாள். "அம்மா, அன்னைக்கு ஏன் சிவப்பைத் திரும்பப் போடலை?" என்று கேட்டாள். இத்தனை நாள் கழித்து என்ன கேள்வி இது? முறை அப்படி என்றேன். அப்புறம்தான் தலைவலி என்றாள்.

ரொம்ப நேரமாகிவிட்டதே. இருங்க, ஒரு எட்டு வண்டியைப் பார்த்துவிட்டு வருகிறேன். உள்ளே வந்து உட்கார்ந்திருப்பாளோ என்னமோ.

இல்லைங்க. வண்டியில் இல்லை. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். அவள் ஃபோன் சீட்டில் கிடக்கிறது, வெளிச்சம் வந்து வந்து போகிறது. பையைக் காணோம். சின்னப் பைதான், ரெண்டு துணி வைத்திருப்பாள் என்று நினைத்தேன்.

அந்த மெடிக்கல்... இங்கிருந்தே தெரிகிறதே. ஷட்டர் இறக்கியிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை.

நீங்கள் வந்ததிலிருந்து அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டுதானே உட்கார்ந்திருந்தீங்க அம்மணி? நான் பேசிக்கொண்டே இருந்தேன், நீங்கள் தலையாட்டிக்கொண்டே ரோட்டைப் பார்த்தீங்க. பச்சைச் சுடிதார், பின்னல் போட்டிருப்பாள்.

ஏறிவிட்டாளா.

அந்த பஸ்ஸிலா. பெங்களூரில் கூடத் தங்கியிருந்த ஷைலஜா என்று ஒரு பொண்ணு இருக்கிறாள். நல்ல பொண்ணுதான். எங்கள் வீட்டுக்கு வந்து ரெண்டு நாள் இருந்திருக்கிறாள், பணியாரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

உட்கார இடம் கிடைத்ததா? பார்த்தீங்களா? ஜன்னலோரமா. சரி. சரிங்க.

இருங்க, என் ஃபோன். மாப்பிள்ளைதான்.

"சொல்லுங்க மாப்பிள்ளை. ஆமாங்க, ஏறிட்டு இருக்குது. இந்துவா? வண்டியிலதான் இருக்கறா. கதவு ரொம்ப நேரமாத் திறக்கவே இல்லீங்களா? அதான் சொல்றனே, தலைவலின்னு சீட்டைச் சாச்சுட்டுத் தூங்கறா. எடுக்க மாட்டா, நான்தான் ஃபோனைச் சத்தமில்லாம வெச்சேன். வேண்டாங்க, எழுப்ப வேண்டாம். மாப்பிள்ளை, ஒரு சின்ன உதவிங்க. நூறு வரைக்கும் ஏத்தி விடுங்க. வீட்டுக்கு வர்றதுக்கு அறுபது போதுந்தான். எனக்கு ஆத்தா கோயிலுக்கு ஒரு நடை போயிட்டு வரணும், ஒரு வேண்டுதல் பாக்கி நிக்குது. ஒரு நாளைக்கு ஏத்தினா பேட்டரிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. நான் இதுவரைக்கும் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்லை. சரிங்க. ரொம்ப நல்லதுங்க. நானே கூப்பிடறேன்."

ஏற்றிவிடுகிறாராம். நூறு ஆவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும், உங்களுக்குத் தெரியுமா? அதற்குள் பஸ் சேலம் தாண்டிவிடுமா?

முதல் தடவை அவள் கையில் வந்தது செவ்வரளிதான் அம்மணி. பிரித்து என்னிடம்தான் காட்டினாள்.

தண்ணீர் வேண்டாங்க. நீங்கள் ரொம்ப நேரமாகக் காத்துக்கொண்டிருக்கிறீர்கள், தெரியும். உங்களுக்கும் போகிற இடத்தில் ஆள் காத்துக்கொண்டிருப்பார்கள். ஆனால் அந்த வயரை மட்டும் இப்போது எடுத்துவிடாதீங்க. எடுத்தால் அவருக்கு மணி அடிக்கும்.